கழுவிக் கொடுத்த வெண்ணெய்க் கட்டை

போன ஞாயிறு ஒஸ்லோவில், ஹவுகெட்டோப் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிட்டேன்.

என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியிலிருந்து முடியும் வரைக்கும் தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை. ருசியில் இல்லை... வெட்கத்தில்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் சிரிக்கிற விசயம் எழுதுகிறவன் நான். எந்தச் சந்தையில் என்ன அகப்பட்டது, விற்ற மனுசி என்ன கேட்டார், அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் மனைவி திலகா என்ன ஏசினாள் — இதுகள்தான். இந்தக் கிழமை அப்படி இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த பக்கத்தில் சமையல் குறிப்பு இருக்கிறது. போகலாம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. நான் வெண்ணெய் கடைகிற மரச் சாமான் சேர்க்கிறவன். எங்களுடைய மத்து இல்லை. இமயமலைப் பக்கத்து வீடுகளில் பாவித்த பழையதுகள்.

ஒஸ்லோவில் அது எப்படிக் கிடைக்கும்?

கிடைக்கும். நோர்வேக்காரர் இளந்தாரியாக இருந்த காலத்தில் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நேபாளத்துக்கு மலை ஏறப் போனார்கள். திரும்பும்போது ஏதாவது ஒரு கட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது போய்விட்டது. பிள்ளைகள் பழைய சாமானை அகற்றி வீட்டை ஒதுக்குகிறார்கள். கட்டை பெட்டியோடு லொப்பேமார்க்கெட்டுக்கு வந்துவிடும் — பள்ளிக்கூட பேண்ட் குழுவுக்காகப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தை. பனிச்சப்பாத்துக்கும் வாஃபிள் மெசினுக்கும் நடுவில் கிடக்கும். விற்கிறவருக்கே என்னவென்று தெரியாது. "உடுப்பு மாட்டுற கொழுவியோ?" என்று என்னைக் கேட்பார்.

உடுப்புக் கொழுவி இல்லை.

மலைவீட்டில் மரப்பானையில் தயிரை ஊற்றி, உயரமான மத்தை இறக்கி, கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்துக் கடைவார்கள். இழுக்கிற இழுவைக்கு மத்துச் சாயும். சாயாமல் அதை வீட்டுத் தூணோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கட்டை வேண்டும். அதுதான் இது. குர்ரா என்பார்கள். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். கயிறு போக ஓட்டை.

அவ்வளவு போதும் அதற்கு. ஆனால் விடமாட்டார்கள்... சூரியன், ஏணி, மயில், கோயில் என்று ஒரு இடம் மிச்சம் விடாமல் செதுக்கியிருப்பார்கள். தயிர் கடைகிற கட்டைக்கு இத்தனை வடிவு எதற்கு?

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்தது. நான் மட்டக்களப்பான். எங்கள் பக்கத்துத் தயிர் பேர்போனது. ஆனால் எங்கள் மத்தில் ஒருத்தரும் மயில் செதுக்கவில்லை.

ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டு ஹோல் சுவர் முழுக்க இப்போது அதுகள்தான். திலகா வருகிற ஆட்களுக்கு இப்படித்தான் அறிமுகம் செய்வாள்.

"இது வீடில்ல. இவர்ட மாட்டுப்பட்டி. மாடு மட்டும்தான் இல்ல."

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

நான் துப்புரவு வேலைக்காரன். பட்டணத்தில், மாடிமாடியாக ஒபிஸ்கள் இருக்கிற ஒரு கந்தோர்க் கட்டடம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் தொழில். படித்தது கொஞ்சம், கழுவினது நிறைய. சந்தையிலிருந்து எது வந்தாலும் முதலில் கழுவுவேன். சூடு ஆறின தண்ணீர், நல்ல பிரஷ், பச்சைச் சவர்க்காரம். நோர்வேக்காரர் மரத்தரை கழுவுகிற அந்தத் திரவம், பைன் மர வாசம் அடிக்குமே, அது. பிறகு எண்ணெய். எந்த ஊத்தையும் நிற்காது.

போன மாதம் இதே பக்கத்தில் பழைய மரத்தை எப்படிக் கழுவுவது என்று வரிவரியாக எழுதினேன். வெட்டி வைத்திருப்பதாகச் சிலர் சொன்னீர்கள்.

தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

சுனிதா என்னோடு வேலை செய்கிற பிள்ளை. நேபாளம். நான் மூன்றாம் மாடி, அவள் நாலாம் மாடி. என்னை அண்ணா என்று தமிழில் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நோர்வேஜியனில். அவளுடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். இரண்டு உடைசலும் நன்றாகப் பொருந்தும். இங்கே என் தமிழில் தருகிறேன்.

போன வருசம் அவளுடைய அம்மா செத்துப்போனார். அந்த நேரம் போக முடியவில்லை. இந்தக் கோடையில்தான் போய் வந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து, துடைப்பங்கள் வைக்கிற அறையில் ஒரு துவாயை அவிழ்த்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு குர்ரா.

கருங்கட்டி. அடுப்புப் புகை, வெண்ணெய், குங்குமம், கை ஊத்தை எல்லாம் சேர்ந்து இறுகி மரமே தெரியவில்லை. செதுக்கல் இருக்கிறது என்பதே விரலால் தடவினால்தான் தெரியும்.

"அம்மாட," என்றாள்.

"விக்கிற எண்ணமோ?"

கேட்டது நான்தான். சேர்க்கிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

"விக்கவோ! அண்ணன் அடுப்புக்குள்ள வைக்கப் போனவர். அழுதுதான் எடுத்துக்கொண்டு வந்தனான். ஞாயிறு அம்மாட ஆண்டுத்திவசம். ஊரில அண்ணன் செய்யுறார். நான் இஞ்ச படத்துக்கு மாலை போட்டு, பக்கத்துச் சுவரில இதைக் கொழுவப் போறன். அப்பா வீடியோவில பார்ப்பார். உங்கட வீட்டில கொழுவி இருக்கிற மாதிரி, பின்னுக்கு ஒரு கொளுக்கி போட்டுத் தாங்க. அது மட்டும்."

அது மட்டும். அப்படித்தான் சொன்னாள்.

கொளுக்கி போட எவ்வளவு நேரம்? தேத்தண்ணி ஆற முதல் முடிந்துவிட்டது.

பிறகு கட்டையைப் பார்த்தேன். கட்டை என்னைப் பார்த்தது. அந்தப் பிள்ளை தாயின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறாள்... இந்தக் கோலத்திலா? கொளுக்கியோடு விட்டால் நான் என்ன மனுசன்?

துப்புரவு வேலைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. கறுப்பாக இருக்கிறதெல்லாம் அவனுக்கு ஊத்தை.

குளியலறையில் வாளியை வைத்தேன். முதல் தண்ணீர் தார் மாதிரிப் போனது. அடுத்தது தேத்தண்ணிச் சாயம். பிறகு கம்பிப் பஞ்சு எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மயில் வந்தது. மற்றப் பக்கம் திருப்பினேன். அங்கேயும் ஒரு மயில்! சொன்னால் நம்பமாட்டீர்கள் — தனியாக நின்று சிரித்தேன்.

ஒரு ஓரத்தில் பெருவிரல் அளவில் ஒரு பள்ளம். யாரோ ஒரே இடத்தில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. அதற்குள் இருந்த கறுப்பு மட்டும் போகமாட்டேன் என்றது.

பல்லுத் தீட்டுகிற பிரஷால் தோண்டி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடி லிஃப்டில் இறங்கினேன். உள்ளே கார்த்திக். மேல் மாடியில் இருக்கிற சென்னைத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை.

"அண்ணா, செம! அப்படியே புதுசு மாதிரி இருக்கே! எங்க வாங்கினீங்க?"

"பழசு. கழுவினது."

"சான்ஸே இல்லண்ணா!"

புதுசு மாதிரி. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? வேலைக்குப் போகும் வரைக்கும் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தேன்.

அவளுடைய துவாயிலேயே திரும்பச் சுற்றிக் கொடுத்தேன். சுனிதா அவிழ்த்தாள். பார்த்தாள். பிறகு அதை மூக்கடியில் கொண்டுபோனாள். திருப்பினாள். மற்றப் பக்கத்தையும் மணந்து பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் பெருவிரலை வைத்தாள்.

"எவ்வளவு சுத்தம்," என்றாள்.

"மயில் இருக்கு, பார்."

"ஓம். மயில்." துவாயைத் திரும்பச் சுற்றினாள். "நன்றி அண்ணா. கஷ்டப்பட்டிருக்கிறீங்க. ஞாயிறு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க."

நான் சந்தோசமாக மூன்றாம் மாடிக்குப் போனேன். அந்த அளவுக்கு மொக்கன்.

பின்னேரம் திலகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மயிலைச் சொன்னேன். கார்த்திக் சொன்னதைச் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை என்ன செஞ்சது?"

"வாங்கிச்சு. மணந்து பார்த்திச்சு. நன்றி சொல்லிச்சு."

கத்தி நின்றது.

"மணந்து பார்த்ததோ?"

"ஓம்."

"என்ர அம்மாளாச்சி... இஞ்ச பாருங்க. அலுமாரிக்குள்ள அம்மாட சீலை ஒண்டு ஷொப்பிங் பேக்கில சுத்தி வச்சிருக்கன். கண்டிருக்கிறீங்களா?"

"ஓம்."

"ஏன் அதை நான் இன்னும் தோய்க்கல்ல எண்டு நினைக்கிறீங்க? மெசின் பழுதெண்டோ?"

அந்தப் பையை எத்தனையோ வருசமாகப் பார்க்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் விளங்கியது. நான் வாளியில் ஊற்றினது ஊத்தை இல்லை. ஒரு மனுசி நாளும் விடியக்காலையில் எழும்பிக் கடைந்த வெண்ணெய். அவருடைய அடுப்புப் புகை. பள்ளத்துக்குள் இருந்தது அவருடைய பெருவிரல். சுனிதாவுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். நான் பல்லுத் தீட்டுகிற பிரஷால் எடுத்தேன்.

ஒரு யோசனை வந்தது. "திரும்ப வாங்கி வெண்ணெய் பூசி, சாம்பிராணிப் புகை காட்டினா..."

"ஊத்தையையும் நீங்களே செஞ்சு குடுக்கப் போறீங்களோ?" வெங்காயத்தை மறுபடி வெட்டத் தொடங்கினாள். "அது எங்கட ஊத்தையா இருக்கும். அவட அம்மாட இல்ல."

ஞாயிறு ரயிலில் ஒரு வசனம் தயார் செய்தேன். ஒஸ்லோ எஸ்ஸில், நடுப் பட்டணத்துப் பெரிய ஸ்டேசனில், ரயில் மாறின பிறகும் அதையே நோர்வேஜியனில் உருட்டிக்கொண்டிருந்தேன். 'உன்னைக் கேக்காமக் கழுவினது பிழை.' அவ்வளவுதான் வசனம். அதற்கு எங்கள் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து அவளுடைய ஹவுகெட்டோ வரை தேவைப்பட்டது.

சுனிதா கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணா, வாங்க அக்கா. குளிரோ?"

"குளிர்," என்றேன்.

வசனம் போய்விட்டது.

சின்ன ஹோல். அவளுடைய புருசன், இன்னும் சில நேபாளக் குடும்பங்கள். ஒரு மேசையில் தாயின் படம். மாலை, விளக்கு, ஊதுபத்தி. பக்கத்துச் சுவரில் என் கொளுக்கியில் கட்டை. வெளிறிப்போய். இத்தனை ஊதுபத்திக்கு நடுவிலும் எனக்குப் பைன் வாசம் அடித்தது. எனக்கு மட்டும்தானோ தெரியாது.

சாப்பாடு தொடங்கினபோது ஊரிலிருந்து வீடியோ வந்தது. தகப்பன். தலையில் தொப்பி, முகம் முழுக்கச் சுருக்கம். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஏதோ கேட்டார். சுனிதா கட்டையைச் சுவரிலிருந்து எடுத்து போனுக்குக் கிட்டக் காட்டினாள்.

மனுசன் பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். அங்கே வெளிச்சம் போதாதாக்கும் என்று நினைத்தேன். திரும்பவும் அதையே கேட்டார். இந்த முறை குரல் வேறு.

திலகா ஹிந்தி நாடகம் பார்த்தே ஹிந்தி படித்தவள். நேபாளியில் பாதி விளங்கும் என்பாள். என் பக்கம் சாய்ந்தாள்.

"'எங்கட கட்டை எங்க' எண்டு கேக்கிறார்."

நான் பருப்பைப் பிசைந்தேன்.

"'இதுதான் அப்பா' எண்டுறா... 'இதுக்கு என்ன நடந்தது, ஆர் கழுவினது' எண்டு கேக்கிறார்."

சுனிதா ஒரு கையால் கட்டையைப் பிடித்தபடி மற்றக் கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். ஏதோ சொன்னாள். அதற்கு எனக்கு ஹிந்தி தேவைப்படவில்லை.

ஆனாலும் திலகா சொன்னாள். "தான் கழுவினதாம்."

தகப்பன் ஏசத் தொடங்கினார். ஹோலில் ஒருத்தரும் சாப்பிடவில்லை. சொந்தத் தாயின் திவசத்தன்று, வந்த ஆட்களுக்கு முன்னால், அந்தப் பிள்ளை தலை குனிந்து ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றது. கடைசியில் மனுசனின் குரல் உடைந்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திலகாவின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"எழும்பிச் சொல்லுங்க."

நான் தட்டைப் பார்த்து மென்றுகொண்டிருந்தேன்.

"வாயில சோறோ?"

ஓம். வாயில் சோறுதான் இருந்தது. விழுங்கினால் போயிருக்கும். விழுங்கினேன். பிறகு அடுத்த பிடியை எடுத்து வாய்க்குள் வைத்தேன்.

போன் நின்றது. சுனிதா கட்டையைத் திரும்பக் கொழுவினாள். முகத்தைத் துடைத்தாள். கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம்?"

நான் தட்டை நீட்டினேன்.

கட்டையைக் கழுவினது அறியாமல் செய்தது. அதை ஒருவேளை மறப்பேன். தட்டை நீட்டினதை மறக்கமாட்டேன்.

எங்கள் ஆட்களுக்குள் எனக்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது. 'அந்த மனுசன் தேவையில்லாமல் வாய் திறக்காது.' கூட்டங்களில் சொல்லுவார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல், அடக்கமாக, கேட்டுக்கொண்டிருப்பேன். தேவை வந்த இடத்தில் திறந்ததா என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. பேசாமல் இருக்கிறவனுக்கு இந்த உலகத்தில் எத்தனை வசதி! பயந்தவன் பேசாமல் இருந்தாலும் அதே பேர்தான்.

திரும்பி வருகிற ரயிலில் திலகா என் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தாள். இறங்கப் போகிறபோது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மயிலையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, ஒரு சொல்லுச் சொல்லத் தெரியல்ல."

திங்கட்கிழமை இடைவேளையில் நாலாம் மாடிக்கு ஏறினேன். சுனிதா தள்ளுவண்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குப் போன் எடு," என்றேன்.

"ஏன்?"

"நான் கதைக்க வேணும்."

"விடுங்க அண்ணா. முடிஞ்சுது."

"முடியல்ல. எடு."

என் முகத்தைப் பார்த்தாள். எடுத்தாள். மனுசன் முற்றத்தில் இருந்தார். பின்னால் கோழி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சுனிதா போனை என் பக்கம் திருப்பினாள்.

கதைத்தேன். என் வாழ்க்கையில் நோர்வேஜியனில் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. தமிழிலும்தான்.

"கட்டையைக் கழுவினது நான். உங்கட மகள் ஒரு கொளுக்கிதான் கேட்டவ. அவவைக் கேக்காம, என்ட பெருமைக்காகக் கழுவினனான். உங்கட மனுசிட கை இருந்த இடத்தை நான்தான் பிரஷ் போட்டு எடுத்தனான். மகள் உங்களுக்குப் பொய் சொன்னா. என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னா. நான் அதே ஹோலில சோறு திண்டுகொண்டு இருந்தனான். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க. அந்தப் பிள்ளையை ஏசாதீங்க. மன்னிப்புக் கேக்கிறன்."

நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மொழி உடைந்தது. உடைந்த இடத்தைத் திரும்பச் சொன்னேன்.

சுனிதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு போனைப் பார்த்து நேபாளியில் சொன்னாள்.

சின்ன வசனம். மூச்செடுக்கவும் தேவைப்படாத அளவு.

மனுசனின் முகம் மலர்ந்தது. போனைக் கிட்டக் கொண்டுவந்து என்னை வடிவாகப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். சிரித்துச் சிரித்து நீளமாக ஏதோ சொன்னார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

போன் நின்றது.

"என்னவாம்?"

"நன்றியாம்."

"எதுக்கு?"

"அம்மாட திவசத்துக்கு வந்ததுக்கு. நீங்க நல்ல மனுசனாம்."

"நான் சொன்னதைச் சொன்னியா?"

"சொன்னனான் அண்ணா."

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது தடவையும் அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். இந்த முறை என் முகத்துக்கு நேரே. மலையில் ஒரு மனுசன் இப்போதும் தன் மகளைக் கோபித்துக்கொண்டு, என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

அதனால்தான் இங்கே எழுதினேன். இடையில் நின்று இரக்கப்பட்டு மாற்றிச் சொல்ல, தமிழில் எனக்கு ஒருத்தரும் இல்லை.